அடுக்கு எஃகுக் கத்தி: அந்த அலைக்கோடு எங்கிருந்து வருகிறது?

என் அக்கா மகன் துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தபோது வீட்டுக்கு ஒரு கத்தி வாங்கி வந்தான். அலகு முழுக்க அலையலையாகக் கோடு. தண்ணீர் வற்றிய கரையில் மணல் வரிவரியாகக் கிடக்குமே, அப்படி. பெட்டியில் ‘டமாஸ்கஸ்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் தினமும் அதை வைத்துத்தான் மீன் நறுக்கினார்கள். தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். அவன் லீவு முடிவதற்குள் அலகின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாகிவிட்டது.

“மாமா, கோடு எங்க போச்சு?” என்று கேட்டான்.

எங்கும் போகவில்லை. கோடு என்று ஒன்று அதில் இருந்ததே இல்லை. சாதாரணத் தகட்டின் மேல் லேசரிலோ அமிலத்திலோ படம் போட்டு விற்றிருக்கிறார்கள். நிஜமான அடுக்கு எஃகில் கோடு உடம்புக்குள் இருக்கும். தேய்த்தால் நிறம் மங்கும். ஆனால் மறுபடி அமிலத்தில் முக்கினால் அதே இடத்தில் அதே கோடு எழுந்து வரும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற கடற்கரை ஊரில் படகு என்ஜின் வேலை பார்க்கிறவன், கத்தி செய்கிறவன் அல்ல. அவன் கேட்ட கேள்வி மண்டையைக் குடைந்ததால், உச்சிப்புளிப் பக்கம் அரிவாள் அடிக்கும் ஒரு ஆசாரியின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அவர் கை பாதி, என் கை பாதியாக ஆறு அங்குல அலகில் ஒரு மீன் கத்தி செய்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. முதல் கட்டி வீணாய்ப் போனது. அந்த அனுபவத்தை வைத்து, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டு எஃகு, ஒரே கட்டி

எஃகு என்பது இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தது. கொஞ்சம் என்றால் ரொம்பவே கொஞ்சம். கத்திக்கு ஆகிற சாதாரண எஃகில் நூற்றுக்கு முக்கால் பங்கு, மிஞ்சினால் ஒரு பங்கு. வீடு கட்டும் கம்பியில் அதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் கம்பியை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் விட்டாலும் கத்தி அளவுக்கு இறுகுவதில்லை.

அடுக்கு எஃகுக்கு இரண்டு வகை எஃகு வேண்டும். ஒன்று, 0.8 சதவீத அளவில் கார்பன் இருக்கும் சாதாரண எஃகு. கத்தி செய்கிறவர்கள் இதை 1084 என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். இன்னொன்றிலும் கார்பன் கிட்டத்தட்ட அதே அளவுதான், 0.75 சதவீதம், ஆனால் கூடவே 2 சதவீத நிக்கல் இருக்கும். இதன் பெயர் 15என்20. மரம் அறுக்கும் மில்லில் ஓடும் பேண்ட்சா பிளேடுக்கு உருவான எஃகு இது. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒரே கட்டியாக்கி, அதிலிருந்து கத்தி செய்து, கடைசியில் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்குவார்கள். நிக்கல் இல்லாத எஃகை அந்தக் கரைசல் அரித்துக் கறுப்பாக்கும். நிக்கல் உள்ளதைச் சட்டென்று தொடாது; அது வெள்ளியாக மின்னும். கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சந்தேகம் வர வேண்டும். தகடுகளைச் சமமாக அடுக்கினால் மேல்முகத்தில் மேல் தகடு ஒன்றுதானே தெரியும்? அலை எப்படி வந்தது? பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் இரண்டு நிறம் வாங்கி, தட்டி, மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். மேலே ஒரே நிறம்தான். இப்போது மேல்பக்கம் விரலால் அங்கங்கே குழி அழுத்திவிட்டு, மேடாக நிற்பதை நூலால் சீவி எடுங்கள். குழி இருந்த இடத்தில் எல்லாம் வளையம் வளையமாகக் கீழ் அடுக்குகள் தெரியும். எஃகிலும் இதேதான். சம்மட்டி அடி ஒவ்வொன்றும் உள்ளே அடுக்கைக் கொஞ்சம் நெளிய வைக்கிறது. நாம் சரிவாகத் தேய்த்து அலகு எடுக்கும்போது அந்த நெளிவு வெட்டுப்பட்டு மேலே வருகிறது. துளைபோடும் மிஷினில் சின்னச் சின்னக் குழி போட்டு அடித்துத் தட்டையாக்கினால் அதற்கு மழைத்துளி என்று பெயர். குறுக்கே பள்ளம் வெட்டினால் ஏணி. கட்டியையே முறுக்கிவிட்டு அடித்தால் நட்சத்திரம் போல வரும். வேண்டுமென்று ஒன்றுமே செய்யாமல் விட்டால் வருவது காட்டு வரி. எனக்குப் பிடித்தது அதுதான்.

கடையில் ‘67 அடுக்கு’ என்று எழுதிய ஸ்டெயின்லெஸ் கத்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது கொஞ்சம் வேறு. நடுவில் கூருக்கென்று ஒரே ஒரு கெட்டித் தகடு. இரண்டு பக்கமும் 33, 33 அடுக்காக அலங்காரத் தகடு. ஆக மொத்தம் 67. பொய் கிடையாது. ஆனால் வெட்டுவது நடுவில் இருக்கும் அந்த ஒன்று மட்டுமே.

பெயரில் உள்ள குழப்பம்

டமாஸ்கஸ் என்ற பெயர் இரண்டு வேறு பொருளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மேற்காசிய வாள்களில் இருந்த அலைக்கோடு அடுக்கி அடித்ததால் வந்தது அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது உருக்குகிற மண் குடுவையில், இரும்பையும் மரத்துண்டு, இலை போன்றவற்றையும் போட்டு, வாயை மண்ணால் அடைத்து, உருக்கி எடுத்த எஃகுக் கட்டியால் வந்தது. அந்தக் கட்டியில் கார்பன் ஒன்றரை சதவீத அளவுக்கு இருக்கும். மெல்ல ஆறும்போது உள்ளேயே கார்பன் கூட்டுகள் வரிசை கட்டிக்கொள்ளும். வாளாக அடித்தால் அதுவே வரியாகத் தெரியும். ஈரோடு பக்கம் கொடுமணலிலும், தென்னாற்காட்டு மேல்சிறுவளூரிலும் இந்த வேலை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் இதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து உக்கு, நம் உருக்கு, இந்தச் சொல்தான் அவர்கள் எழுத்தில் திரிந்துபோனது என்பார்கள். 1795-ல் இங்கிலாந்தில் இதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்னால், 1820 வாக்கில், இந்த எஃகைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் அடுக்கி அடித்தது. அமெரிக்காவில் வில்லியம் மோரன் என்ற கத்திக்காரர் 1973-ல் ஒரு கண்காட்சியில் அடுக்கு எஃகுக் கத்திகளைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அந்தக் கலைக்கு மறுபடி உயிர் வந்தது. இரண்டுமே நல்ல சரக்குதான். ஆனால் யாராவது அடுக்கு எஃகுக் கத்தியைக் காட்டி “இது நம்ம முன்னோர் செஞ்ச உருக்கு” என்றால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

அடுக்கி அடிப்பதும் நம் ஊருக்குப் புதிதல்ல, அது வேறு காரணத்துக்காக. எஃகு விலை கூடுதலாக இருந்த காலத்தில் அரிவாளின் உடம்பை மென்மையான இரும்பில் அடித்து, வாய்ப்பக்கம் மட்டும் எஃகுத் துண்டு வைத்துப் பற்ற வைப்பார்கள். கூருக்கு எஃகு, அடி தாங்க இரும்பு. ஆசாரியின் தகப்பனார் அப்படித்தான் செய்தாராம். இப்போது லாரிப் பட்டை கிடைக்கிறது, அப்படியே வெட்டி அடித்துவிடுகிறார். “அந்தக் காலத்துல அது இல்லாமைக்குச் செஞ்சது தம்பி. நீ அழகுக்குச் செய்யணுங்குற” என்றார். பட்டென்று சொல்லிவிட்டார், சரியாகத்தான் சொன்னார்.

உலைக்கு முன்னால்

எங்கள் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமே கிடையாது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் போனால் சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போட்டுப் புகைந்துகொண்டே இருக்கும். நிலத்தைக் கெடுத்த மரம் என்று திட்டுகிறோம், அடுப்புக்கும் உலைக்கும் அதைத்தான் எரிக்கிறோம். இந்த வேலைக்கு மரக்கரியில் ஒரு வசதி உண்டு. நிலக்கரியில் இருக்கிற கந்தகம் இதில் கிட்டத்தட்ட இல்லை. கந்தகம் சூடான எஃகுக்கு ஆகாது. துருத்தி போய் இப்போது மின்சார புளோயர் வந்துவிட்டது. ஆசாரி மட்டும் அதையும் துருத்தி என்றே சொல்கிறார்.

நாங்கள் 7 துண்டில் ஆரம்பித்தோம். சாதாரண எஃகு 4, நிக்கல் எஃகு 3. வெளிப்பக்கம் இரண்டும் சாதாரணமே. அறுவை மில்லில் கழித்துப் போட்ட பேண்ட்சா பிளேடு எல்லாமே நிக்கல் எஃகாக இருக்காது. ஒரு துண்டை முதலில் ஃபெரிக் குளோரைடில் முக்கிப் பார்த்தேன். கறுத்திருந்தால் அது நமக்கு ஆகாது. வெளிர் சாம்பலாக நின்றது, எடுத்துக்கொண்டேன். எல்லாத் துண்டையும் கிரைண்டரில் பளபளவென்று தேய்த்து, அடுக்கி, முனைகளை வெல்டு வைத்து, பிடிக்க ஒரு கம்பியையும் வெல்டு செய்தாயிற்று. அந்தக் கம்பி ஜிஐ பைப்பாக மட்டும் இருக்கவே கூடாது. மேலே பூசிய துத்தநாகம் உலையில் புகைந்து காய்ச்சலே வரவைக்கும். கடற்கரையில் கைக்கு முதலில் அகப்படுவது ஜிஐ பைப்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் கட்டி ஏன் வீணானது என்று இப்போது சொல்கிறேன். தகடுகளைச் சாயங்காலம் தேய்த்துவிட்டு, நாளைக்கு அடுக்கலாம் என்று ஷெட்டில் வைத்துவிட்டுப் போனேன். மண்டபத்துக் காற்று தெரியுமல்லவா? காலையில் வந்தால் எல்லாத் தகட்டிலும் மஞ்சள்தூள் தூவிய மாதிரி துரு. லேசாகத்தானே இருக்கிறது, வெண்காரம் தின்றுவிடும் என்று அப்படியே அடுக்கிவிட்டேன்.

இரும்பு இரும்போடு ஒட்ட, உருக வேண்டிய அவசியமே இல்லை. சுத்தமான இரண்டு முகங்களைப் போதுமான சூட்டில் நெருக்கி அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நடுவில் துருவோ, சூட்டில் இரும்பின் மேல் படியும் கறுப்புத் தோலான கிட்டமோ இருந்தால், அது ஒரு திரை மாதிரி நின்று தடுக்கும். தட்டார்கள் நகை ஒட்ட வைக்கிற அதே வெண்காரத்தைத்தான் இதற்கும் தூவுகிறோம். அது 740 டிகிரி தாண்டினதும் உருகி, கண்ணாடிக் குழம்பாகி, கிட்டத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். புதிதாகக் காற்றும் படாமல் மூடிவிடும். பிறகு அடிக்கும் அடியில் அந்தக் குழம்பு பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிட வேண்டும். மேலாகப் படிந்ததை அது கரைக்கும். ராத்திரி முழுக்க வேர்விட்ட துரு அதற்கு அதிகம்.

அன்றைக்கு நடந்தது இது. கட்டி சிவந்தது, வெண்காரம் தூவினோம், திரும்ப உள்ளே வைத்தோம். பனம்பழச் சதை நிறம் வந்தது, அதையும் தாண்டி எலுமிச்சை மஞ்சளுக்கு வந்தது. 1200 டிகிரிக்குப் பக்கம். மேலே வெண்காரம் கொதிக்கிற நெய் மாதிரி தளதளத்தது. ஆசாரி வெளியே எடுத்தார். நான் சம்மட்டியை ஓங்கப் போனேன். “மெதுவா, மெதுவா. தட்டு, அடிக்காத” என்றார். முதல் சுற்று ஒட்ட வைக்க மட்டும். நடுவில் ஆரம்பித்து விளிம்புக்குப் போக வேண்டும். வெண்காரக் குழம்பு தீப்பொறியாகத் தெறித்தது, கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன். அப்படி இரண்டு மூன்று சூடு ஆனதும் கட்டியை வெளியே வைத்துவிட்டு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கிக்கொண்டே வர, ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் கறுத்தது. “அங்கன பிடிக்கல” என்றார். ஒட்டாத மேல் தகட்டுக்குக் கீழிருந்து சூடு வராது, அதனால் அது முதலில் ஆறிவிடும். ஆறின பிறகு சுத்தியால் தட்டிக் காட்டினார். நல்ல பக்கம் ணங் என்றது, அந்த ஓரம் டப் என்றது.

இரண்டாவது தடவை தேய்த்த கையோடு தகடுகளை டீசலில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், என்ஜின் வேலைக்காரன் கையில் வேறு என்ன இருக்கும். அங்கே போய் துடைத்து, தின்னரில் கழுவி, அப்போதே அடுக்கினோம். பிடித்துக்கொண்டது.

அப்புறம் நீட்டி அடிப்பது, பாதியில் உளி வைத்து வெட்டுவது, ஒட்டப்போகும் முகத்தைத் தேய்ப்பது, மடிப்பது, மறுபடி பற்ற வைப்பது. 7, 14, 28, 56, 112. நான்கே மடிப்பு. கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம்: மடிக்கும்போது வெளிப்பக்கத்துச் சாதாரண எஃகும் சாதாரண எஃகும் சேர்ந்து ஒரே அடுக்காகிவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரிகிற அடுக்கு 13, 25, 49, 97 என்றுதான் போகும். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் 97 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் தலைமுடியின் பாதிக் கனம்கூட வராது. இதற்கு மேல் மடித்துக்கொண்டே போனால் கோடு நெருங்கி நெருங்கி, கடைசியில் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். ஆயிரம் அடுக்கு என்று யாராவது பெருமையடித்தால் அதைப் பார்க்க பூதக்கண்ணாடி கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வொரு சூட்டிலும் கட்டியின் மேல்தோல் கிட்டமாக உரிந்து விழுகிறது. மடிக்க மடிக்க எடை குறையும். செய்யப்போகும் கத்தியைப் போல இரண்டு மூன்று மடங்கு எடையில் ஆரம்பிப்பது நல்லது. மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்குப் போய், கட்டியிலிருந்து மத்தாப்பூ மாதிரி பொறி பறந்தால் எஃகே எரிகிறது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கூர் எங்கே இருக்கிறது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். “கெட்டி எஃகும் மென்மையான எஃகும் மாறி மாறி வருவதால் விளிம்பு நுண்ணிய ரம்பம் மாதிரி வெட்டும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். பற்ற வைக்கும் சூட்டில் கார்பன் சும்மா இருப்பதில்லை, கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும். அடுக்குகள் அவ்வளவு மெல்லிசாக இருக்கும்போது சில மடிப்புகளிலேயே எல்லா அடுக்கிலும் கிட்டத்தட்ட ஒரே கார்பன் ஆகிவிடும். நிக்கல் மட்டும்தான் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது நாம் பார்க்கிற கோடு நிக்கலின் கோடு. கடினத்தின் கோடு கிடையாது. இதே இரண்டு எஃகில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒழுங்காகத் தோய்த்து, அதாவது காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி இறுக்கி, ஒரு கத்தி செய்தால் அது இதற்கு இளைத்துப் போகாது.

அப்படியானால் கூரைத் தீர்மானிப்பது எது? கடைசி அரை நாள் வேலை. உலையில் நான் கவனமாக இருந்ததைவிட இங்கேதான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

அடித்து உருவம் வந்த கத்தியை மூன்று தடவை சூடாக்கி, ஒவ்வொரு தடவையும் காற்றில் தானாக ஆறவிட வேண்டும். பற்ற வைத்த சூட்டில் எஃகின் உள்மணிகள் பெருத்துப் போயிருக்கும். இது அவற்றைப் பொடியாக்கும். மணி பெருத்த எஃகை உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுங்கும். சரியாக இருந்தால் சாம்பல் பட்டு மாதிரி இருக்கும். அதன் பிறகுதான் தோய்ச்சல்.

எவ்வளவு சூடு என்று பார்க்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டேன். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டுவதை நிறுத்திவிடும். இந்த எஃகுக்கு வேண்டியது சுமார் 815. ஆக, காந்தம் விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் கூடுதலாகச் சிவக்க வேண்டும், அவ்வளவே. வெயிலில் நிறம் தெரியாது. ஆசாரி பட்டறைக் கீற்றைத் தாழ்த்திவிட்டு இருட்டாக்கினார்.

எதில் முக்குவது என்பதில் எங்களுக்குள் சண்டை. அவர் ஆயுசு முழுக்க அரிவாளைத் தண்ணீரில் விட்டவர். “தண்ணியில விட்டாத்தான் கேக்கும்” என்றார். அரிவாளுக்குச் சரி, அது கனமானது, லாரிப் பட்டையில் கார்பனும் குறைவு. 0.8 சதவீத எஃகில் மெல்லிய அலகு தண்ணீரில் விட்டால் விண்டுபோக வாய்ப்பு அதிகம். கடைசியில் கடலை எண்ணெய்க்குச் சம்மதித்தார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. எண்ணெயை முதலில் கை பொறுக்காத சூட்டுக்கு, ஐம்பது அறுபது டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஆறின எண்ணெய் கெட்டியாக இருந்து சூட்டை வேகமாக இழுக்காது. ஆழமான இரும்புப் பாத்திரம் வேண்டும், பிளாஸ்டிக் வாளி கூடாது. தீப்பிடித்தால் மூட ஒரு தகடு பக்கத்தில் இருக்கட்டும். என்ஜின் கழிவு எண்ணெய் என்னிடம் டிரம் டிரம்மாக இருக்கிறது, ஆனால் அதன் புகை நல்லதில்லை.

நுனி முதலாகச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு வளைந்துவிடும். எடுத்ததும் விளிம்பில் அரம் போட்டுப் பார்த்தோம். பிடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. ஆசாரி ஒன்றும் பேசவில்லை. அரத்தை என்னிடமிருந்து வாங்கி, அவரும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அதனால் உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். கடினம் கொஞ்சம் இறங்கும், தாங்கும் சக்தி ஏறும். தெருமுனை பேக்கரியில் ரொட்டி எடுத்து முடித்த பிறகு அடுப்பைக் கேட்டேன். “இதை என்ன பக்குவத்துல எடுக்கணும்?” என்று பேக்கரிக்காரர் சீரியஸாகக் கேட்டார். தேய்த்து வைத்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி என்றேன். அதேபோல வந்தது. நீலத்துக்குப் போயிருந்தால் சூடு அதிகம், கூர் நிற்காது. பிறகு கிரைண்டரில் அலகு எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். மெல்லிய விளிம்பில் ஒரு நீலப்புள்ளி விழுந்தால் அந்த இடம் செத்துப்போயிற்று. தேய்க்கத் தேய்க்கத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருங்கள்.

கோடு எழுந்து வருவது

600 நம்பர் உப்புக்காகிதம் வரை தேய்த்து முடித்தபோது கத்தி வெறும் வெள்ளைத் தகடு. மூன்று மாத உழைப்பு கண்ணுக்கே தெரியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, கையுறை போட்டுக்கொண்டு, அலகைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு இறக்கினேன். கைரேகை எண்ணெய் பட்டிருந்தால்கூட அந்த இடம் திட்டாக நிற்கும். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் முழுக்கக் கரி பூசினது மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன். தண்ணீரில் அலசி, நைசான காகிதத்தால் ஒரு இழுப்பு இழுத்ததும் கறுப்புக்கு நடுவிலிருந்து வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதுகுப் பக்கம் திருப்பினால் அங்கேயும் இழை இழையாக அடுக்கு. மூன்று தடவை அப்படிச் செய்து, கடைசியில் ஆப்ப சோடாக் கரைசலில் போட்டு அமிலத்தை அடக்கினேன். கெட்டியாகக் கலக்கிய இன்ஸ்டன்ட் காபியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜமாகவே வேலை செய்கிறது.

கைப்பிடிக்குப் பனை வைரம். பழைய வீட்டு உத்திரம் ஒன்று இடித்துப் போட்டதில் கிடைத்தது. பழுப்பு உடம்பில் கறுப்பு நார் ஓடும். அலகுக் கோட்டுக்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் நார்களுக்கு நடுவே இருக்கும் சோறு மென்மையானது, தேய்த்தால் பிய்ந்து வரும். சூப்பர் குளூவைத் தண்ணீர் மாதிரி ஊற்றி ஊறவைத்து இறுக்கிய பிறகே தேய்க்க முடிந்தது. சீமைக்கருவேலின் உள்வைரத்தில் போட்டிருந்தால் பாதிப்பாடுதான்.

அலகு நீளத்தை ஆறு அங்குலத்தோடு நிறுத்தியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆயுதச் சட்ட விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு உரிமம் கேட்கிற பட்டியலில் வருகிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் மீன் கத்திக்கு அவ்வளவு நீளம் எதற்கு?

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது முதுகுதான். பக்கவாட்டில் இருக்கும் கோடு முதுகைச் சுற்றி மறுபக்கம் தொடர்ந்து போகிறதா என்று பாருங்கள். அச்சடித்த படம் விளிம்போடு நின்றுவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இது ஸ்டெயின்லெஸ் அல்ல. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு இந்தக் காற்றை எதிர்த்து எத்தனை தடவை பெயின்ட் அடித்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நறுக்கி முடித்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைக்க வேண்டும். சாம்பல், கம்பி நார், புளி எதுவும் கூடாது. முதலில் துருப்பிடிப்பது கறுப்புக் கோடுதான். வெள்ளைக் கோடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இவ்வளவையும் வீட்டில் சொல்லித்தான் கொடுத்தேன். முதல் நாள் விளைமீன் இரண்டு, கணவாய் கொஞ்சம், வழுக்காமல் வெட்டியது. இரண்டாம் நாள் பெரிய பாறை மீன் வந்ததும் பழைய அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கத்தி எங்கே என்று கேட்டேன். “அதுக்குத் துடைச்சு எண்ணெய் போட யாரு இருக்கா? மருமகன் வரட்டும், அவன்கிட்டயே குடுத்துருவோம்” என்று பதில் வந்தது. இப்போது அது அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கிறது. வாரம் ஒரு தடவை நான்தான் எடுத்துத் துடைக்கிறேன்.